லீவில் வந்த மனிதரோடு யாரும் சண்டை போடுவதில்லை

உடைந்துபோன திருமணங்களைப் பற்றி என்னிடம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். உலகத்தின் எந்த மூலையிலாவது ஒரு கணவனும் மனைவியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சூப் குடிக்கிறார்கள் என்றால், அதை யாராவது படமாக எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தை நான் என் போனில் பார்த்திருப்பேன். தொழிலுக்கு நான் ஆங்கில ஆசிரியை, ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில். எங்கள் ஊரில் தியேட்டர் கிடையாது. இருந்திருந்தாலும் சூப் குடிக்கும் படத்தை யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். ஓட்டியிருந்தால் டிக்கெட் வாங்கியவர்கள் திரையைக் கிழித்திருப்பார்கள்.

இந்தப் பழக்கம் ஊரடங்குக் காலத்தில் தொற்றியது. எனக்குக் கொரோனா வரவில்லை, இதுதான் வந்தது. கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் உலக சினிமா ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். அவர் ஒரே மாதத்தில் விலகிவிட்டார். நான் விலகவில்லை. சென்னை, கோவை, பெங்களூரு என்று பெரிய ஊர்க்காரர்கள் நிறைந்த அந்தக் குழுவில் போர்ப் படம் என்றால் ஒருவர் பேசுவார், அரசியல் படம் என்றால் இன்னொருவர். தாம்பத்தியம், நெருக்கம், பிரிவு என்று வந்துவிட்டால் எல்லோரும் என் பதிவுக்காகக் காத்திருப்பார்கள். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். "இரண்டு உடல்களுக்கு நடுவில் கிடக்கும் மௌனமே இந்தப் படத்தின் மூன்றாவது கதாபாத்திரம்" என்று ஒருமுறை எழுதினேன். அதற்கு எக்கச்சக்கமாக இதயங்கள் விழுந்தன. பிறகு அதே வாக்கியத்தை லேசாக மாற்றி மாற்றிப் பல படங்களுக்கு எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஜும்ஆ தொழுகைக்காக வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று முற்பகல்தான் என் படக்காட்சி. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் உம்மா கட்டிலில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். மகள் ஏதோ பாடம் தயாரிக்கிறாள் என்பது அவர் நினைப்பு. ஆனாலும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

"ஏம்புள்ள, இந்தப் பொம்பள நான் பாக்கும்போதெல்லாம் சன்னலப் பாத்துக்கிட்டே நிக்கிறாளே. அடுப்புல ஒண்ணும் வைக்கலையா?"

"அவளுக்கு மனசு சரியில்லம்மா."

"மனசு சரியில்லைன்னா சோறு ஆக்க வேணாமா?"

இந்த வகைப் படங்களில் ஒரு மணி நேரம் சன்னல் வரும், மழை வரும், ஆறிப்போன காபி வரும். கடைசியில் ஒரே ஒரு நிமிடம் வேறொன்று வரும். உம்மா சரியாக அந்த நிமிடத்தில்தான் எட்டிப் பார்ப்பார். அந்த ஆபத்துக்கென்றே என் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் காவல் நிற்கும். சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரி படிக்கும் ஒரு மகளைப் பெற்றவள் நான். இருந்தும் உம்மாவின் நிழல் விழுந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி திரையை அணைப்பேன். பிறகு குழுவில் போய், நெருக்கத்தைக் காட்டுவதில் இயக்குநருக்குத் துணிச்சல் போதவில்லை என்று எழுதுவேன்.

சரி, இவ்வளவு பேசியவளின் சொந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் கணவர் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளைகுடாவில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொண்டவர்தான் பெண் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். அவர் பிறந்த ஊர் நயினார்கோவில் பக்கம், கடல் வாடையே அடிக்காத ஊர். ஆகவே லீவுக்கு லீவு எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி அவர். எத்தனை வருடம் ஆனாலும் மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளைதான். காலையில் இடியாப்பத்தோடு வட்டிலப்பம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் கலந்து ஆவியில் அவிப்பது அது. வீட்டுக்கு முக்கியமானவர்கள் வந்தால்தான் செய்வோம். மதியம் கறி, இரவுக்கும் கறி. உம்மா அவர் முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். "வாங்க", "சாப்புடுங்க", "இன்னுங் கொஞ்சம் வைக்கவா" என்பதற்கு மேல் மருமகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவரை நாங்கள் சபராளி என்போம். கடற்கரையில் சபராளி வீடு ஒவ்வொன்றிலும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லீவில் வந்த மனிதரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது, சண்டை போடக் கூடாது. கூரை ஒழுகுகிறதா, லீவு முடியட்டும். பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டதா, லீவு முடியட்டும். கிளம்பும்போது வாசலில் நின்று அழக் கூடாது, சிரித்த முகமாக அனுப்ப வேண்டும். எனக்குப் பித்தப்பையில் கல் வந்து ஆபரேஷன் நடந்தது அவருக்குத் தெரியாது. அடுத்த லீவில் வந்தவர் வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளைப் பார்த்து "என்னா இது?" என்றார். "எண்ணெ தெறிச்சுருச்சு மச்சான்" என்றேன். "பாத்து நிக்கக் கூடாதா?" என்றார். அதோடு முடிந்தது.

வந்த புதிதில் எனக்குக் கல்யாணப் பெண் மாதிரிக் கூச்சமாக இருக்கும். அவருக்கும் அப்படித்தான். கூச்சம் தெளிவதற்குள் டிக்கெட் வந்துவிடும். இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிப்போனது.

குழுவில் ஒருமுறை கோவைக்காரர் ஒருவர், "இவ்வளவு ஆழமாக எழுதுகிறீர்களே, சொந்த அனுபவமா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்களுக்குள் இன்றுவரை ஒரு சண்டைகூட வந்ததில்லை" என்று பெருமையாகப் பதில் போட்டேன். அதற்கும் இதயங்கள் விழுந்தன. சண்டை போடுகிற அளவுக்கு நாங்கள் ஒன்றாக இருந்ததே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் அவருடைய கம்பெனி ஆட்களைக் குறைத்தது. விசாவைக் கேன்சல் செய்துகொண்டு வந்துவிட்டார். மதுரை விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், "இனிமே இங்கனதான், இன்ஷா அல்லாஹ். ஏசி சர்வீஸ் கடை ஒண்ணு போட்டுப் பொழச்சுக்கலாம்" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரமக்குடி தாண்டும்வரை அழுகை நிற்கவில்லை. இத்தனை வருடமாகத் தொழுகையில் நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

மறுநாள் காலை வட்டிலப்பம் வைத்தோம். நியாயம்தான், வந்த முதல் நாள். அடுத்த வாரமும் வைத்தோம். அடுத்த மாதமும் வைத்தோம். லீவு என்றால் முடியும் தேதி இருக்கிறது, விருந்தும் அதோடு முடியும். இவர் லீவில் வரவில்லையே. விருந்தை யார் நிறுத்துவது? மகள் சொல்லாமல் நிறுத்தினால் மாப்பிள்ளை குறைவாக நினைப்பார் என்று உம்மா இருந்தார். வேலை போய் வந்திருக்கும் நேரத்தில் நிறுத்தினால் மனம் நொந்துபோவார் என்று நான் இருந்தேன். அவர் வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லி எழுந்துகொண்டிருந்தார். அவர் சட்டையின் வயிற்றுப் பொத்தான்கள் திணறத் தொடங்கின. எங்கள் முட்டைக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

அறையின் மூலையில் அவருடைய பயணப் பெட்டி நின்றது. அதிலிருந்துதான் சட்டை எடுப்பார், துவைத்து மடித்ததும் அதற்குள்ளேயே வைப்பார். பகலில் கட்டிலில் மல்லாந்து படுத்து மேலே வெறித்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த படங்களில் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் மேலே வெறிப்பார்கள். எனக்குள் இருந்த விமர்சகி விழித்துக்கொண்டாள். "வேரற்ற ஆணின் பார்வை" என்று குழுவில் நீளமாக ஒரு பதிவு எழுதினேன். "திறந்து அடுக்கப்படாத பயணப் பெட்டி, முடிவெடுக்காத மனத்தின் படிமம்" என்று இன்னொரு பதிவு. பெட்டிக்கு நேர் எதிரே என் அலமாரி இருக்கிறது. நாலு தட்டிலும் என் சேலைகள். ஒரு தட்டைக் காலி செய்து கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. படிமத்தைக் கலைக்க மனம் வரவில்லை போலும்.

அப்படி மூன்று மாதம் போனது. ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிடும்போது அவருக்கு போன் வந்தது. அங்கே கூட வேலை பார்த்த மூத்தவர் ஒருவர், மதுரைக்காரர்; இவருக்கு அண்ணன் மாதிரி, காக்கா என்றுதான் கூப்பிடுவார். புதுக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறதாம். சனிக்கிழமை காலை மதுரையில் மெடிக்கல். அதில் தேறிவிட்டால் சீக்கிரமே விசா வந்துவிடும். போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"போயிட்டு வந்துருவமான்னு பாக்குறேன்."

போகாதீக மச்சான் என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. ஆனால் சபராளி வீட்டுப் பெண் வாயில் அந்த இரண்டு வார்த்தை வருவதில்லை, வரவிடாமல் வளர்த்திருக்கிறார்கள்.

"ஒங்க விருப்பம் மச்சான்" என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்றார் உம்மா.

அன்றும் மறுநாளும் பள்ளியில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவர் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு பத்து வருடம் விருந்தாளியாக வந்து போவார். பிறகு முடியாமல் வந்து படுப்பார். நாங்கள் கூச்சம் தெளியாமலே கிழவன் கிழவி ஆகிவிடுவோம். நினைத்தால் பயமாக இருந்தது. உலகத்து மௌனங்களையெல்லாம் விளக்கத் தெரிந்தவளுக்குச் சொந்த வீட்டில் வாய் வரவில்லை என்பதில் அவமானமும் இருந்தது. அப்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. நான் சொல்ல வேண்டாம். படம் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்பை எங்கள் அறையில் நாற்காலி மேல் வைத்தேன். தேர்ந்தெடுத்த படம், ஓர் ஏரிக்கரை வீட்டை விற்க வரும் தம்பதியைப் பற்றியது. பிரியப் போகிறவர்கள். படம் முழுக்கச் சாமான்களை மூட்டை கட்டுகிறார்கள். கடைசிக் காட்சியில் காருக்குப் போகும் கணவனைப் பார்த்து மனைவி "இரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். குழுவில் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி நான் எழுதியதைப் படித்து ஒருவர் அழுதே விட்டார். அதைப் பார்த்தால் இவருக்குப் புரியாமல் போகுமா?

அவர் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். திரையில் அரை மணி நேரமாகத் தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தட்டு அவுக கல்யாணத்துக்கு வந்தது."

"சரி."

"அவர் அவளப் பாக்கவே மாட்டேங்கிறாரு, கவனிச்சீகளா?"

"ஆமாமா."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஒரு கேள்வி கேட்டார். எனக்கு உற்சாகம் பொங்கியது.

"வீட்டுக்குள்ளயே ரெண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுருக்காகளே. ஹீட்டர் வேலை செய்யலையா?"

"அது அந்தக் குளிர் இல்ல மச்சான். உறவுல இருக்குற குளிர்."

"ஓ" என்றார். ஆனாலும் அடுத்த காட்சியில் சுவரோரம் ஹீட்டர் தெரிகிறதா என்று அவர் கண்கள் தேடியதை நான் பார்த்தேன்.

ஒருவழியாகக் கடைசிக் காட்சி வந்தது. மனைவி "இரு" என்றாள். கணவன் நின்றான். திரை இருண்டது. என் கண்ணில் தண்ணீர். மெதுவாக அவர் பக்கம் திரும்பினேன்.

"நல்லா இருக்கு" என்றார்.

வட்டிலப்பத்துக்குச் சொல்லும் அதே குரல். எனக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது.

"என்ன நல்லா இருக்கு?"

"படந்தான்."

"படத்துல என்ன நல்லா இருக்கு? சொல்லுங்க."

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு. நீ போட்டது நல்லா இல்லாம இருக்குமா?"

"பொய் சொல்லாதீக."

அவர் திடுக்கிட்டுப்போனார். நானும்தான். அவரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னதே இல்லை. வெளியே வந்துவிட்டது, இனி உள்ளே போகாது.

"வந்த நாள்லேருந்து எல்லாத்துக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு. அதுல ஒண்ணாச்சும் நெசமா?"

அவர் கருத்த திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு வட்டிலப்பம் புடிக்காது."

"என்னது?"

"புடிக்காது. முட்ட வாடை. கல்யாணத்தன்னைக்கே புடிக்கல."

இருபது வருடம். இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"இதச் சொல்றதுக்கு இருபது வருசமா?"

"யாருகிட்டச் சொல்ல? வந்த எடத்துல வைக்கிறதத் தின்னுட்டுப் போறதுதான மரியாத."

"வந்த எடமா? இது ஒங்க வீடு இல்லையா?"

"எது என் வீடு? மூணு மாசமாப் பொட்டியிலேருந்து சட்டை எடுத்துப் போடுறேன். அலமாரில ஒரு தட்டு ஒதுக்கித் தந்தியா? மேல கத்துதே அந்த ஃபேனு, அதக் கேட்டுக்கிட்டே நெதமும் கெடக்கேன். பேரிங் போயிருச்சு. கால் மணி நேர வேலை."

"நீங்கதான மெக்கானிக்கு, கழட்டி மாட்ட வேண்டியதான?"

"யாரு வீட்டு ஃபேன யாரு கழட்டுறது?"

வேரற்ற ஆண் இத்தனை நாளும் பேரிங்கைத்தான் வெறித்திருக்கிறார். அந்தப் பதிவுக்கு விழுந்த இதயங்களை நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

படங்களில் சண்டைக்கு ஓர் அழகு இருக்கும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்பார், நடுவில் மழைச் சத்தம் வரும். எங்கள் சண்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொன்னார், நான் அவருடைய தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். எதற்கு எது பதில் என்றே தெரியவில்லை. வாசல் கதவு பகலில் சாத்தப்படாத வீடு எங்களுடையது. உம்மா எழுந்துபோய் அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்குக் குரல் இன்னும் கூடியது.

"எனக்கு ஆபரேசன் நடந்துச்சு. பித்தப்பையில கல்லு. தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"எப்புடி?"

"மக அப்பவே போன்ல சொல்லிருச்சு. எண்ணெய்ச் சட்டி சேலைக்குள்ள பூந்து வகுத்துலயா தெறிக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீ சொல்லலையே."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் குரல் உடைந்திருந்தது, எனக்கும் கேட்டது. ஆனால் முதல் சண்டை பாருங்கள், எங்கே நிறுத்துவது என்று பழக்கம் இல்லை. "அப்பப் போங்க" என்றேன். "மதுரைக்கே போங்க. அங்கிட்டுப் போனா யாரும் வட்டிலப்பம் தர மாட்டாக. நிம்மதியா இருக்கலாம்."

ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போனார். போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார்.

தொழுகை முடிந்து தெருவில் ஆண்கள் திரும்பினார்கள். இவர் வரவில்லை. நெய்ச்சோறும் கறியும் ஆறின. கட்டிலில் கிடந்த போன் இரண்டு முறை அடித்தது, இரண்டு முறையும் மதுரைக்காரர். நான் எடுக்கவில்லை. பெட்டி மூலையில் நின்றது. இப்போது அது எதன் படிமமாகவும் தெரியவில்லை. அதற்குள் அவர் சட்டைகள் இருந்தன, நாளைக் காலை அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான். போகச் சொன்னதும் நான்தான். சன்னல் ஓரத்தில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"சன்னலப் பாத்துக்கிட்டே நின்னா ஆச்சா? சோத்த எடுத்து மூடி வையி" என்றார் உம்மா.

சாயங்காலம் அஸர் தொழுகையும் முடிந்த பிறகு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குள் போனார். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாமி, மீன் வாங்கியாந்துருக்கேன். புளி கூடப் போட்டுக் கொழம்பு வைங்க. எனக்கு அதான் புடிக்கும்."

உம்மா பையைப் பிரித்தார். உள்ளே காரல் மீன். முள் நிறைந்த, மலிவான மீன். மாப்பிள்ளைக்கு வைக்க யாரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். ஒன்றை எடுத்து நகத்தால் செவுளைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். மாஷா அல்லாஹ், நல்ல மீன் என்று சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். மரியாதைக்கு அதைத்தான் சொல்ல வேண்டும். முக்காடு தோளில் சரிந்திருந்தது. அவர் அதை இழுத்துவிடவில்லை.

"எவன்கிட்ட வாங்குனீக?"

"மார்க்கெட்டு முக்குல ஒருத்தரு வச்சிருந்தாரு."

"வெள்ளிக்கிழமை யாராச்சும் மீன் வாங்குவாகளா? இன்னைக்குப் பொழுது சாயுறவரைக்கும் நம்ம ஊருல ஒரு போட்டும் கடலுக்குப் போகாது. இது ஐஸுல கெடந்த பழைய மீனு. கண்ணு வெளுத்துப்போயிக் கெடக்குது, அதக்கூடப் பாக்கத் தெரியலையா ஒங்களுக்கு? ஆளப் பாத்து நல்லா ஏமாத்தி விட்டுருக்கான்."

இந்த வீட்டில் அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரே நாளில் மனைவியிடமும் மாமியாரிடமும் திட்டு வாங்கிவிட்டார். ஈரக்கையோடு நின்றவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் எப்படியோ இளகிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க ஊருல கம்மா மீனுதான மாமி. கடல் மீனு பாத்து வாங்கத் தெரியல."

"தெரியாட்டிக் கேக்கணும். ராத்திரி போற போட்டு நாளைக்கு விடியத்தான் வரும். நேரத்துல போயி, செவுளத் தூக்கிப் பாத்து வாங்குங்க. செகப்பா இருந்தாத்தான் எடுக்கணும். என்ன?"

நாளைக்கு என்றால் சனிக்கிழமை. உம்மாவுக்கு அது ஞாபகம் இருந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அறைக்குள் போன் மறுபடியும் அடித்தது. நான் போய் எடுத்துவந்து நீட்டினேன். அந்தப் பழைய மீன் வாடைக்கு நடுவில், உம்மாவை வைத்துக்கொண்டே, அழுகையில் மூக்கு ஒழுகச் சொன்னேன்.

"போகாதீக மச்சான்."

எந்த இயக்குநரும் இப்படி ஒரு காட்சியை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். அவர் என்னைப் பார்த்தார். கையெல்லாம் மீன் தண்ணீர் என்பதால் சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"என்ன தம்பி, போனே எடுக்க மாட்டேங்கிறே. நாளைக்கு எத்தன மணி பஸ்ஸுக்கு வாரே?"

"நாளைக்கு வர முடியாது காக்கா. மீன் வாங்கப் போகணும்."

"மீனா? என்ன தம்பி வெளாடுறியா, விசா சும்மா கெடைக்குமா?"

"இல்ல காக்கா. வீட்டுல நேரத்தோட போகச் சொல்லிருக்காக."